பெங்களூரில் சொந்தச் செலவில் தமிழ் ராக் ஆல்பம்: படிப்படியாக

நாங்கள் நான்கு பேர். ட்ரம்ஸ் வாசிப்பவன் கோலார் தங்கவயல்காரன். பாடுகிறவள் அல்சூர். கிட்டார்க்காரர் ஈரோட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். பேஸ் வாசிக்கும் நான் ஓசூரில் இருந்துகொண்டு தினமும் அத்திப்பள்ளி தாண்டி வந்து போகிறவன். ஏழு பாட்டு, மொத்தம் 31 நிமிடம். எட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். இருபது மாதம் ஆனது. பாட்டு சரியாக வராததால் போனது அதில் மூன்று மாதம்கூட இருக்காது. மீதியெல்லாம் வரிசை தப்பியதால் போனது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தோம், கடைசியில் கொடுக்க வேண்டிய பணத்தை முதலிலேயே கொடுத்தோம். கீழே இருப்பது நாங்கள் செய்திருக்க வேண்டிய வரிசை.

1. ஜாம் ரூமுக்கு (ஒத்திகை அறைக்கு) போகும் முன்னால் ஒரு ஒப்பந்தத் தாள்

"நமக்குள்ள என்ன எழுத்து?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எங்களில் அதைச் சொன்னவன் நான்தான். ஆல்பம் பாதியில் இருந்தபோது எங்கள் முதல் கிட்டார்க்காரர் மேல்படிப்புக்கு வெளிநாடு போனார். இரண்டு பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) அவருடையது. அதை என்ன செய்வது என்று ஐந்து வாரம் வாட்ஸாப்பில் இழுத்தது. கடைசியில் ஒரு பாட்டையே எடுத்துவிட்டோம். நல்ல பாட்டு அது, இன்னும் வருத்தம்தான்.

தாளில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம். பதிவான ஒலி யாருக்குச் சொந்தம். ஒருவர் விலகினால் அவர் வாசித்ததை வைத்துக்கொள்ளலாமா. பேண்டின் பெயர் யாருடன் போகும்.

சட்டத்தில் (1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்) பாட்டின் வரி, மெட்டு, பதிவான ஒலி மூன்றும் தனித்தனிச் சொத்து. பதிவான ஒலிக்கு முதல் உரிமையாளர் 'தயாரிப்பாளர்', அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவர். நான்கு பேரும் பணம் போட்டு, ஸ்டுடியோ பில் மட்டும் ஒருவர் பெயரில் இருந்தால் பின்னால் என்ன பேச்சு வரும் என்று நினைத்துப் பாருங்கள். "நான்கு பேரும் சமமாகத் தயாரிப்பாளர்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பேச்சு வராது.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏதாவது லேபிள்காரர் (இசை நிறுவனத்தார்) ஒப்பந்தம் நீட்டினால் முதலில் இந்த இரண்டு இடத்தைப் பாருங்கள். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதியிருப்பார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. அந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பேசும் தோரணை மாறிவிடும்.

இ-ஸ்டாம்ப் தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட எங்களுக்கு 700 ரூபாய் ஆனது, அரை நாளில் முடிந்தது.

2. வரியும் மெட்டும் உங்களுடையதுதானா

தமிழ் பேண்டுகளுக்கு பாரதி மேல் ஒரு கை போகாமல் இருக்காது. தாராளமாகப் போகலாம். பாரதி பாட்டுகள் 1949-இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவில் விட்டவை. சங்கப் பாட்டும் அப்படியே, ஆனால் நேற்று ஒருவர் எழுதிய எளிய உரையை எடுத்துப் பாடினால் அது அவருடையது. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் என்பது கணக்கு, எனவே 2041 முடியும்வரை அவர் வரிகளைத் தொடும்போது அனுமதி வேண்டும்.

நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்து என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு ஒலிநாடாவில் கேட்ட அதே இசைச்சேர்க்கையை அப்படியே எடுக்காதீர்கள். பாட்டி பாடியது வேறு, அந்த நாடாவில் சேர்த்த இடையிசை வேறு.

இணையத்தில் 'இலவசம்' என்று கிடைக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் இசைத்துண்டு) இன்னொரு பொறி. அதே லூப்பை நூறு பேர் போட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) தன் பாட்டைப் பதிந்திருந்தால் உங்கள் வீடியோ மேல் உரிமை கோரி நோட்டீஸ் வரும். எங்களுக்கு வந்தது, பதினோரு வினாடித் தபலாத் துண்டுக்கு! அந்த இடத்தைக் குடத்தைத் தட்டிப் பதிந்து மாற்றினோம். சொல்லப்போனால் அதுதான் நன்றாகவும் இருக்கிறது.

3. க்ளிக்கோடு வாசிக்க வரும்வரை பணம் செலவழிக்காதீர்கள்

இந்திரா நகர், கோரமங்களா பக்கம் ஜாம் ரூம் மணிக்கு 400 முதல் 700 ரூபாய் வரை நாங்கள் கொடுத்திருக்கிறோம். வார நாள் பகலில் விலை குறையும், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எட்டாக்கனி. இரண்டு மணி நேரம் வீதம் 24 முறை போனோம்.

அதில் முதல் பதினைந்து முறை வீண். மேடையில் வாசிப்பதுபோல உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தோம். ஸ்டுடியோவில் காதில் க்ளிக் (வேகம் மாறாமல் தாளம் தட்டும் ஒலி) ஓடும்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு சரணத்திலும் நாங்கள் வேகம் ஏறுகிறோம் என்று. தங்கவயல்காரன் சின்ன வயதிலிருந்து சர்ச்சில் வாசித்தவன்; அவனுக்கே வியர்த்துவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் வேகத்தை எண்ணில் குறித்து, ஃபோனில் ஒரு மாதிரிப் பதிவு எடுத்து, க்ளிக்கோடு மூன்று முறை தடுமாறாமல் வாசித்த பிறகுதான் ஸ்டுடியோவுக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

4. ஸ்டுடியோ: ட்ரம்ஸுக்கு மட்டும் பெரிய அறை

எல்லாவற்றையும் பெரிய ஸ்டுடியோவில் பதிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ட்ரம்ஸுக்கு நல்ல அறையும் பல மைக்குகளும் வேண்டும், அதற்குப் பணம் கொடுங்கள். கிட்டாரையும் பேஸையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக வீட்டிலேயே பதியலாம். வீட்டில் பதியும்போது ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள், அது கிட்டார் ஒலிக்குள் ஊ என்று முனகும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, எனவே ஒவ்வொரு டேக் முடிந்ததும் சேமித்துவிடுங்கள்.

ட்ரம்ஸுக்கு இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு 1,200 ரூபாய் என்று பேசினோம். 19,200 ஆயிற்று. பில் வந்தபோது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 22,656. "இந்த விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதல் ஃபோனிலேயே கேளுங்கள். மைக் பொருத்தும் நேரமும் வாடகையில் சேருமா என்றும் கேளுங்கள். எங்களுக்குச் சேர்ந்தது, முதல் நாள் காலை முழுவதும் அதிலேயே போனது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தனித்தனி ட்ராக்குகளின் மூல டபிள்யூஏவி (சுருக்கப்படாத ஒலி) கோப்புகள் நமக்குக் கிடைக்குமா? நாங்கள் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொருவரிடம் மிக்ஸிங் (தனித்தனி ட்ராக்குகளை ஒரே பாட்டாகக் கலப்பது) கொடுக்கப் போனபோது, கோப்புகளைத் தர பாட்டுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். மிக்ஸிங்கும் அவர்களிடமே செய்தால் இலவசமாம். பேசிப் பார்த்தோம், படியவில்லை, 10,500 கொடுத்தோம். முன்பணம் அனுப்பும் முன் "பதிவு முடிந்த அன்றே எல்லாக் கோப்புகளும் எங்கள் ஹார்ட் டிஸ்கில்" என்று மெசேஜ் போட்டு, 'ஓகே' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டாக எடுத்துப் போங்கள்.

5. குரல், வெளிக்கலைஞர்கள், ஒரு பறை

குரலுக்குச் சின்ன ஸ்டுடியோ போதும். மணிக்கு 800 ரூபாயில் 20 மணி நேரம் எடுத்தோம். பாடகி ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் பாடினால் மூன்றாவது பாட்டில் களைப்பு கேட்கும். பணத்தை மிச்சம் பிடிக்க ஒரே நாளில் நான்கு பாட்டுப் பாட வைத்தோம். அதில் இரண்டை மறுபடி பதிந்தோம்.

ஒரு பாட்டில் பறை உண்டு. பதிவு விழுந்தது ஆகஸ்ட்டில், மழைக்காலம். ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் பொத்தென்று விழும், தீயில் காட்டித்தான் விறைப்பேற்ற வேண்டும். ஸ்டுடியோவுக்குள் நெருப்பா? மொட்டைமாடியில் காகிதமும் தென்னை ஓலையும் போட்டுக் கொளுத்தி, காய வைத்து, மூன்று மாடி ஓடி இறங்கி ஒரு டேக், மறுபடி மேலே. பறை வைத்திருப்பவர்கள் கோடையில் தேதி வாங்குங்கள், இல்லையென்றால் கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே மாடிச் சாவி கேட்டு வையுங்கள்.

வெளியிலிருந்து வாசிக்க வரும் ஒவ்வொருவரிடமும் அன்றே ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். பாட்டின் பெயர், வாங்கிய தொகை, பதிவைப் பயன்படுத்தச் சம்மதம், ஆல்பத்தில் அவர் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும், இவ்வளவு போதும். அவர் கையில் கொடுக்கும் பிரதியிலும் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். மரியாதை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

6. மிக்ஸிங்: தமிழ் தெரியாத காது

எங்கள் ஆல்பத்துக்கு வந்த முதல் விமர்சனமே "குரல் முங்கிக் கிடக்கிறது, என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை" என்பதுதான். எழுதியவர் சொன்னது சரி. இது எப்படி நடந்தது என்று பின்னால் யோசித்தோம். மிக்ஸிங் செய்தவர் கெட்டிக்காரர், ஆனால் வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குக் குரல் இன்னொரு கருவி. சொல் புரியாதவருக்குச் சொல் தொலைவதும் தெரியாது. நாங்களோ வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள், ஒலிக்காத எழுத்தும் எங்கள் காதில் ஒலித்துவிடும். ஆக இரண்டு தரப்பிலும் காது அடைப்பு. கேட்பவர் மட்டும்தான் திண்டாடினார்.

இதற்கு வழி உண்டு. மிக்ஸிங் செய்பவருக்கு வரிகளை அவர் படிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எந்தச் சொல் தொலையக் கூடாதோ அதை வினாடியோடு குறித்துக் கொடுங்கள். ச, ஸ ஒலிகளின் சீறலைக் குறைக்க ஒரு கருவி போடுவார்கள். அது அதிகமானால் 'சிரித்தாய்' என்பது 'இரித்தாய்' மாதிரி ஆகிவிடும். பிறகு, தமிழ் தெரிந்த, ஆனால் பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து வரிகளை எழுதச் சொல்லுங்கள். என் அத்தையிடம் கொடுத்தோம். 'கரை மேல் நிலவு' என்பதை 'கறை மேல் இளவு' என்று எழுதினார். இளவு என்றால் என்ன அத்தை என்று கேட்டால், "எனக்கென்னடா தெரியும், நீங்கதானே பாடுறீங்க" என்றார். இதை வெளியீட்டுக்கு முன்பே செய்திருக்கக் கூடாதா?

பாட்டுக்கு 7,000 ரூபாய், ஏழு பாட்டுக்கு 49,000. எத்தனை முறை திருத்தம் இலவசம் என்று முதலில் பேசுங்கள், மூன்று முறை என்பது நியாயம். பாதிப் பணம் ஆரம்பத்தில், பாதி கடைசிக் கோப்பு கையில் வந்தபின். ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபோன் ஸ்பீக்கர், வீட்டு டிவி, ஓடும் ஆட்டோ, மூன்றிலும் கேளுங்கள்.

7. மாஸ்டரிங்

கலந்து முடித்த பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வதுதான் மாஸ்டரிங். அதை மிக்ஸிங் செய்தவரிடமே கொடுக்காமல் இன்னொரு காதிடம் கொடுங்கள். பாட்டுக்கு 2,500 கொடுத்தோம். "சத்தமாக வேண்டும்" என்று நச்சரிக்காதீர்கள்; ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிபரப்பும். நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே குறைக்கப்பட்டுவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

8. பெயர், எழுத்துக்கூட்டல், அட்டைப்படம்

எங்கள் பேண்டின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதுவதா, எல் போட்டு எழுதுவதா என்று முடிவு செய்யாமல் முதல் பாட்டில் ஒன்று, இரண்டாவதில் இன்னொன்று போட்டோம். ஸ்ட்ரீமிங் தளத்தில் இரண்டு கலைஞர் பக்கம் உருவாகிவிட்டது. அதில் ஒன்று வேறு யாரோ ஒரு பக்திப் பாடகரின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்க மூன்று வாரம். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தேடிப் பார்த்து, வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

ஒரு விரிதாளில் இவற்றை நிரப்பி வையுங்கள்: பாட்டுப் பெயர் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், வரி எழுதியவர் முழுப்பெயர், இசையமைத்தவர் முழுப்பெயர், வாசித்தவர்கள், நீளம், மொழி. அடையாள அட்டையில் இருக்கும் பெயரைப் போடுங்கள், 'மச்சி' என்று கூப்பிடும் பெயரைப் போடாதீர்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணையதள முகவரியோ விலையோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

9. விநியோகமும் தேதியும்

டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர்கள் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றுக்கும் போக முடியும். ஆண்டுச் சந்தா உள்ள சேவையில், சந்தா கட்டாவிட்டால் பாட்டு இறங்கிவிட வாய்ப்புண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி என்ற 12 எழுத்து அடையாள எண்ணை அவர்களே தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். வேறு விநியோகஸ்தருக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்புக் கணக்கு கூடவே வரும்.

தேதி விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: மாஸ்டர் கோப்பு கையில் வரும்வரை எந்தத் தேதியையும் வெளியே சொல்லாதீர்கள். நாங்கள் நிகழ்ச்சிக்கு இடம் பிடித்து, போஸ்டரும் அடித்த பிறகு மிக்ஸிங் ஆறு வாரம் தள்ளிப் போனது. மாஸ்டர் வந்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமையை எடுங்கள். முதல் வாரமே பதிவேற்றம். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு (பாட்டுப் பட்டியல்களைத் தொகுப்பவர்கள்) ஒரு பாட்டை முன்வைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்ப வேண்டும். மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்புவது நல்லது. வெளிவந்த பிறகு அனுப்ப வழியே இல்லை.

10. பணம் வரும் வழி

விநியோகஸ்தர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி ஐ.பி.ஆர்.எஸ் வழியாக வரும். மும்பையில் தலைமையகம் உள்ள, 1969-இல் தொடங்கிய சங்கம் அது. பாட்டு வெளிவந்த கையோடு எழுதியவரும் இசையமைத்தவரும் தனித்தனியாக உறுப்பினராகுங்கள். பான் அட்டை, முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, புகைப்படம் தயாராக இருக்கட்டும். உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் சதவீதத்தோடு பதிய வேண்டும். முதல் படியில் எழுதிய தாள் இங்கேதான் உதவும்.

அமெரிக்க விநியோகஸ்தர் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் சம்பாதித்ததில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். நிரப்பி, பான் எண் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் ராயல்டிக்கு 15 சதவீதம்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை, படைத்த உடனே உரிமை வந்துவிடுகிறது. தகராறு வந்தால் சான்றாக உதவும். வரிக்கோ இசைக்கோ 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்தபின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பு. நாங்கள் ஒரு பாட்டை மட்டும் பதிந்தோம்.

11. கேட்க வைப்பது

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு, இசை பற்றி எழுதுகிற 40 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஐந்து பதில், இரண்டு கட்டுரை. பதில் வந்த ஐந்துமே, அவர் முன்பு எழுதிய ஒன்றைப் படித்துவிட்டுத் தனியாக எழுதிய கடிதங்கள். மொத்தமாக அனுப்பியதற்கு ஒன்றுகூட வரவில்லை. உள்ளே தமிழிலும் ஆங்கிலத்திலும் 150 சொல் அறிமுகம், குறுக்காக ஒன்று நெடுக்காக ஒன்று என இரண்டு படம், பாட்டைக் கேட்க ஒரு தனி இணைப்பு, பாட்டு வரிகள், இவ்வளவு வையுங்கள். பாட்டுக் கோப்பையே மின்னஞ்சலோடு இணைக்காதீர்கள்.

"1,500 ரூபாய்க்கு ஐயாயிரம் ஸ்ட்ரீம்" என்று இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வரும். வாங்காதீர்கள். போலிக் கேட்பு என்று தெரிந்தால் ஸ்பாட்டிஃபை எண்ணிக்கையைக் கழிப்பதோடு விநியோகஸ்தருக்கு அபராதமும் போடும், அது உங்கள் தலையில் வந்து விழும், பாட்டும் இறங்கலாம். 2024 முதல், 12 மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணமே கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். எங்கள் ஏழில் மூன்றுதான் தாண்டியது.

நேரடி நிகழ்ச்சிக்கு இடம் பிடிக்கும்போது, இசை நிகழ்ச்சிக்கான காவல்துறை அனுமதி அந்த இடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பெங்களூரில் எட்டு மணி நிகழ்ச்சிக்குக் கூட்டம் ஒன்பதுக்குத்தான் வரும், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் விட்டால்தானே? ஆகவே ஏழு மணி என்று போட்டு எட்டுக்கு ஆரம்பியுங்கள். ஒருவருக்கு 500 ரூபாய் வரை உள்ள இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாங்கள் 299 வைத்தோம், 64 பேர் வந்தார்கள். பாதிப்பேர் ஒன்றுவிட்ட சொந்தமும் அலுவலக நண்பர்களும்.

12. கணக்கு

ஜாம் ரூம் 24,000. ட்ரம்ஸ் பதிவு 22,656. கோப்புகளைத் திரும்ப வாங்க 10,500. குரல் 16,000. வெளிக்கலைஞர்கள் 9,000. கம்பி, கேபிள் 3,000. மிக்ஸிங் 49,000. மாஸ்டரிங் 17,500. அட்டைப்படமும் புகைப்படமும் 13,000. விநியோகம் 2,500. ஒப்பந்தம் 700. விளம்பரம் 15,000. வெளியீட்டு நிகழ்ச்சியில் கையைக் கடித்தது 11,000. ஆக மொத்தம் 1,93,856 ரூபாய். ஆளுக்கு ஏறக்குறைய 48,500.

முதல் ஆறு மாதத்தில் பேண்ட்கேம்ப்பில் (கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் தளம்) 19 பேர் வாங்கியதில், அவர்களுடைய 15 சதவீதக் கழிவு போக, 6,800 ரூபாய் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் 2,140 வந்தது. அதை வைத்து நான்கு மணி நேரம் ஜாம் ரூம் பிடித்தோம். இந்த முறை முதல் நாளிலிருந்தே க்ளிக்கோடு.